வாலிநோக்கத்திலிருந்து வந்த புகார்

11 ஜனவரி 2025, சனி

கிளினிக்கில் ஏழு பேர். நடுவில் சங்க வேலை. பொதுக்குழு பிப்ரவரி 23 என்று முடிவாகிவிட்டது. பேனரில் தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடவில்லை என்று ஒருவர் அரைமணி நேரம் போனில் சண்டை. பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கத்தின் மாவட்டக் கிளைச் செயலாளர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சம்பளமில்லாத வேலை, பாதி நாள் வாடகை நாற்காலிக்குச் சொல்வதிலேயே போகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தோம். இப்போது முப்பத்தொரு பேர். அடுத்த தலைவர் நீங்கள்தான் என்று இப்போதைய தலைவர் பொன்னுச்சாமி சார் போன மாதமே சொல்லிவிட்டார். போட்டி இல்லை. எனக்கு ஆசையா? ஆசைதான். இதில் எழுதினால் என்ன.

சாயங்காலம் ஒரு பதிவுத் தபால், வாலிநோக்கத்திலிருந்து. திங்கட்கிழமை பிரிக்க வேண்டும்.

13 ஜனவரி

பிரித்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டு பக்கம். எழுதியது மாரிச்செல்வி, உப்பளத்தில் வேலை செய்கிறவள். 2022 டிசம்பரில் எங்கள் கிளை அவள் ஊரில் முகாம் போட்டது. அவளுடைய மூன்று மாதப் பெண் குழந்தை மதுமதிக்குக் காது பார்த்து, 'கேட்கிறது, பாஸ்' என்று தாள் கொடுத்தோம். இப்போது குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. ஒரு சொல் பேசவில்லை. நவம்பரில் மதுரையில் முழுப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே.

கடைசி வரி: "நீங்க காது கேக்கலன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே மதுரைக்கு ஓடியிருப்பேன்."

இரண்டு வருஷம். குழந்தைக்குப் பேச்சு வரவேண்டிய இரண்டு வருஷம் அது. இதை வேறு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

14 ஜனவரி

முகாம் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வரிசை எண் 118. பரிசோதித்தவர்: யோகேஸ்வரன். கீழே முகாம் பொறுப்பாளர் கையெழுத்து. என்னுடையது.

18 ஜனவரி, சனி

செயற்குழு. புகாரைப் படித்துக் காட்டினேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் இப்போது அசிங்கமாக இருக்கிறது. பதிவேட்டைப் புரட்டியவர்கள் எல்லாரும் ஒரே பெயரில் நின்றார்கள். யோகேஸ்வரன். அப்போது படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவனுக்கு.

பொன்னுச்சாமி சார், "சின்னப் பையன், அவசரத்துல போட்டுட்டான். எச்சரிக்கை குடுத்து முடிச்சிருவோம். மூணு பேரு கொண்ட விசாரணைக் குழு. சூஃபியாம்மா தலைமை" என்று என்னைக் காட்டினார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்.

19 ஜனவரி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நானே மறந்ததாக நடித்துவிடுவேன்.

முகாம் நடந்த அன்று மழை. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் சத்தம். குழந்தையின் காதுக்குள் சின்னக் குழாய் வைத்தால், மெஷின் 'பாஸ்' என்றோ 'மறுபடி பார்' என்றோ காட்டும். வெளியில் சத்தம் இருந்தால் இரண்டும் காட்டாமல் திணறும். யோகேஸ்வரன் மூன்று தடவை போட்டுவிட்டு என்னிடம் வந்தான். "மேடம், இந்தப் பிள்ளைக்கு ரீடிங்கே வரமாட்டேங்குது. ராம்நாட்டுக் கிளினிக்குக்கு வரச் சொல்லிருவோமா?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் எண்பது பேரு நிக்கிறாங்க யோகேஷ். கதவு அடிச்சப்ப பிள்ள முழிச்சுச்சுல்ல? பாஸ்னு போட்டு அனுப்பு."

கதவு அடித்தால் தரை அதிரும். கேட்காத பிள்ளையும் முழிக்கும். முதல் வருஷப் பாடம் இது. எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குள் இருநூறு பேரை முடித்துவிட்டோம் என்று அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். கைதட்டினார்கள்.

அவன் போட்டான். நான் கையெழுத்திட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

விசாரணைக்காக வாலிநோக்கம் போனேன். மாரிச்செல்வி உப்புப் பாத்தியில் சேறு மிதித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறோடு கரையேறி வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். குழந்தை வரப்பில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கவிழ்த்துக் கவிழ்த்து விளையாடியது. பின்னால் போய் என் கைவளையலைக் குலுக்கினேன். பழக்கம். அது திரும்பவில்லை.

முகாமில் நாங்கள் கொடுத்த தாளைப் பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருக்கிறாள்.

"பிள்ள கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்குதுன்னு எங்க மாமியா ஒரு வயசுலேயே சொன்னாக. நான் சண்ட போட்டேன். படிச்சவுக பாத்துக் குடுத்த தாளு, உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். ஏழு மாசம் அவுக கூடப் பேசல. இந்தத் தாள நம்பித்தேன்."

நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பேனா நகர்ந்தது, என்ன எழுதினேன் என்று இப்போது படித்தால் புரியவில்லை.

"இதுல கீழ கையெழுத்துக் கிறுக்கலா இருக்கு. யாருது இது? அத மட்டும் சொல்லுங்க."

"விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்றேன்.

யா அல்லாஹ். விசாரிச்சிட்டாம். யாரை விசாரிக்கப் போனேன் நான்?

27 ஜனவரி

கிளினிக் திறக்கவில்லை. காய்ச்சல் என்று போர்டு தொங்கவிட்டேன். காய்ச்சல் இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

யோகேஸ்வரனின் பதில் கடிதம் நேற்றுத் தபாலில் வந்தது. நாலு வரி. "மூன்று முறை முயன்றும் ரீடிங் கிடைக்கவில்லை. பாஸ் என்று பதிவு செய்தது நான்." அவ்வளவுதான். நான் சொன்னதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

போன் போட்டேன். எதற்குப் போட்டேன்? நன்றி சொல்லவா?

"நீ முழுசா எழுதலையே யோகேஷ்."

 "மிச்சத்த எழுதுறது என் வேல இல்ல மேடம். நீங்க எழுதுவீங்களான்னு பாக்குறேன்."

"நீ ஏன் அன்னைக்கு மறுத்துப் பேசல?"

"பேசியிருக்கணும். அதுக்குத்தான் என் பேர எழுதிட்டேன்." வைத்துவிட்டான்.

கோபம் வந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்! கோபம் அடங்கியபின் மிஞ்சியதைப் பற்றி எழுத முடியவில்லை.

8 பிப்ரவரி

பொன்னுச்சாமி சார் கிளினிக்குக்கே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கடற்கரை ஊர்களுக்கு என்னை முதன்முதலில் கூட்டிப்போனவர் அவர்தான். காரங்காட்டில் தோணியில் உட்கார்ந்து கிழவர்களுக்குக் காது மெஷின் மாட்டிவிட்ட மனிதர்.

"அம்மா, நீங்க சொல்றது நியாயந்தேன். ஆனா யோசிங்க. செயலாளரே கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுச்சுன்னு வெளிய போனா, எந்த ஊருல நம்மள உள்ள விடுவான்? இனிமே பொறக்கப்போற பிள்ளைகள யாரு பாக்குறது? ஒரு பிள்ளைக்காக நூறு பிள்ளைய விடலாமா?"

  அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு தூரமும் போய்விடுவேன், அதுதான் பயம்.

9 பிப்ரவரி

குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். காஜா நவாஸுக்கு என் வேலை பாதிதான் புரியும். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கையெழுத்து யாருதுன்னு கேட்டுச்சு, நீ சொல்லல. அதான?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பறம் என்னத்தப் போட்டு இம்புட்டு யோசிக்கிற சூஃபியா?"

15 பிப்ரவரி

விசாரணைக் குழுவிலிருந்து விலகினேன். என் வாக்குமூலத்தைக் கிளைக்கு ஒன்று, மாநிலச் சங்கத்துக்கு ஒன்று அனுப்பினேன். 'மேற்பார்வையில் நேர்ந்த குறைபாடு' என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, 'ரீடிங் வராத குழந்தைக்குப் பாஸ் போடச் சொன்னது நான்' என்று எழுதினேன். தலைவர் பதவிக்குக் கொடுத்த மனுவையும் திரும்பப் பெற்றேன்.

தபால் ஆபீசிலிருந்து வரும் வழியில் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் நின்று சோடா குடித்தேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு. பொதுக்குழு

இருபத்தெட்டு பேர். எழுந்து சொன்னேன். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. 

பிறகு நான் கேட்டது ஒன்றுதான்: அந்த ஒரு நாளில் பார்த்த இருநூறு குழந்தைகளையும் கிளை மறுபடி பார்க்க வேண்டும்.

அப்போதுதான் வெடித்தது. "நீங்க செஞ்ச தப்புக்கு நாங்க ஊர் ஊராப் போயி வாங்கிக் கட்டிக்கணுமா?" என்று, அன்று போனில் சண்டை போட்ட பேனர்காரர் கத்தினார். "மன்னிப்புக் கேட்டதோட நிப்பாட்டுங்க" என்றார் இன்னொருவர். ஆறு வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். 

பரமக்குடியில் கிளினிக் வைத்திருக்கும் சண்முகவள்ளி எழுந்தாள். அவளும் நானும் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டோம். "இந்தம்மா மேல எனக்கு ரொம்பக் கோவம் இருக்கு. அத அப்பறம் பேசிக்கலாம். அந்த இருநூறுல இன்னொரு பிள்ள இருந்தா? ஓட்டுக்கு விடுங்க."

பதினாறுக்குப் பதினொன்று. தீர்மானம் நிறைவேறியது. பொன்னுச்சாமி சார் கை தூக்கியது ஆதரவுப் பக்கம். நான் ஓட்டுப் போடவில்லை.

சண்முகவள்ளியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தபோது யோகேஸ்வரன் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

25 பிப்ரவரி

வாலிநோக்கம். இந்தத் தடவை நோட்டு எடுத்துப் போகவில்லை.

"அந்தக் கையெழுத்து என்னுது மாரிச்செல்வி. பாஸ் போடச் சொன்னதும் நான்தான்."

திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். 

"போன தடவ இங்கன வந்து நின்னீகளே. அப்ப ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தேன் பயமா இருந்துச்சு. உங்கள மாதிரி ஆளுகளுக்கு எதுரா எழுதுறோம், என்ன வருமோன்னு. நான் எழுதுனேன்ல?"

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. நான்தான் போகவில்லை. பஸ் வரும்வரை ரோட்டில் நின்றேன்.

4 மார்ச்

ரமலானின் மூன்றாம் நோன்பு. மாநிலச் சங்கத்தின் முடிவு வந்தது: ஆறு மாதம் உறுப்பினர் நிறுத்தம். கிளினிக் நடத்தலாம், சங்கத்தின் பெயரில் எங்கும் போகக்கூடாது. யோகேஸ்வரனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. சரிதான். இன்னும் கூடுதலாக இருந்தாலும் சரிதான் என்றிருப்பேன்.

20 ஏப்ரல்

மறுபரிசோதனைக்குப் பெயர்ப் பட்டியலை மட்டும் நான் கொடுத்தேன். மற்றவர்கள் ஐந்து ஞாயிறு அலைந்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீரை ஊற்றி விரட்டியிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் டீ கொடுத்தார்களாம். இருநூற்றில் நூற்று எண்பத்தொன்று பிள்ளைகள் கிடைத்தார்கள்.

சண்முகவள்ளி போனில், "இன்னொரு பையன் இருக்கான். ஒரு காது கேக்கல" என்றாள்.

சரி என்றேன். 

13 ஜூன்

மதுமதிக்கு மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. காதுக்குள் கருவி பொருத்திவிட்டார்கள். யோகேஸ்வரன் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, மனு எழுதியது எல்லாம் அவன்தான். இனிப் பேச்சுப் பயிற்சியும் அவனிடமே. மாரிச்செல்வி என்னைக் கேட்கவில்லை. கேட்பாள் என்று எதிர்பார்த்தேனா? ஒரு மூலையில் எதிர்பார்த்தேன்போல. வலித்தது.

6 ஆகஸ்ட், புதன்

பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு மாரிச்செல்வி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண், கையில் துணியில் சுற்றிய குழந்தை. நாற்பது நாள்கூட ஆகியிருக்காது.

"இவ ராக்கு. எங்க உப்பளத்துல வேல பாக்குறா. இவ பிள்ளைக்குக் காது பாக்கணும்."

"யோகேஸ்வரன் ஊர்ல இல்லையா?" வாயில் வந்துவிட்டது.

"இருக்காரு. அங்க மதுமதியப் பயிற்சிக்கு விட்டுட்டுத்தேன் வாரேன்." சுவரோரம் போய் நின்றாள். "நீங்க பாருங்க. நான் இங்கனயே நிக்கிறேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மெஷினின் திரை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

வலது காது பாஸ். இடது காதில் குழந்தை சிணுங்கியது. பால் கொடுக்கச் சொல்லி, தூங்கவைத்து மறுபடி போட்டேன். வரவில்லை. மூன்றாவது தடவையும் வரவில்லை.

"இடது காது எனக்கு இன்னிக்குத் தெரியல" என்று ராக்குவிடம் சொன்னேன். "அழுக்கு அடைச்சிருக்கலாம். வேற ஏதாச்சும்கூட இருக்கலாம். நாளைக்கு ஒருக்க வரணும்."

ராக்கு முகம் வாடியது. "நாளைக்கும் வேல போயிருமே… தாளு ஒண்ணும் தர மாட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரிச்செல்வி சுவரை விட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"தெரியலன்னு சொல்றாகள்ல. நாளைக்கு வருவோம் வா" என்றாள்.