கைறுன்னிஸாவின் கனம்

மாத்தளை,
4-3-68

என் மதிப்புக்குரிய மாஸ்டருக்கு,

மாத்தளையிலிருந்து உங்கள் பழைய சீடன் ஸஹாப்தீன் எழுதுவது. நீங்களும் மங்கையற்கரசி அக்காவும் யாழ்ப்பாணத்து வெயிலில் வாடாமல் சுகமாயிருக்க வல்ல இறைவனை வேண்டிக்கொள்கிறேன். போன வருஷம் நீங்கள் போட்ட கடிதத்துக்கே பதில் எழுதாதவன் இன்று பேனாவும் கையுமாய் உட்கார்ந்திருக்கிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது.

முதலில் நன்றாகச் சிரித்து முடித்துவிடுங்கள். நான் மறுபடியும் பாரம் தூக்கப் போகிறேன். நீங்கள் இங்கே கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்த காலத்தில் நாம் நடத்திய பாரந்தூக்கும் சங்கத்தின் இரும்புக் கம்பியும் தட்டுகளும் றஹீமின் பேக்கரிக்குப் பின்னால் விறகோடு விறகாகக் கிடந்தன. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டுக் கொட்டிலில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டேன். கிழவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என் மிளகுக் கடையில் வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிற வித்தையெல்லாம் எனக்கு இனி வேண்டாம். தரையில் கிடப்பதைக் குனிந்து பிடித்து, இடுப்பு நிமிர எழுந்து நிற்கிற அந்த ஒன்று மட்டும் போதும். டெட்லிஃப்ட் என்று நீங்கள் பெயர் சொல்லிப் பழக்கினீர்களே, அதுதான். நகர மண்டபத்து விழாவில் நான் முன்னூற்றைம்பது றாத்தல் தூக்கியபோது நீங்கள்தான் பக்கத்தில் நின்றீர்கள். இப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. வயதுக்காக ஐம்பதைத் தள்ளிவிட்டேன். நோன்புக்கு முன் முன்னூறு றாத்தல் தூக்க வேண்டும். அதற்கு ஒரு திட்டம் போட்டு எழுதி அனுப்புங்கள்.

போன மாதம் என் ராத்தா உம்மு குல்தூம் மவுத்தாகிவிட்டார். என்னை வளர்த்த அக்கா. பெண்ணின் உடலை, மையத்தை, கபுறுக்குள் இறக்கிவைக்க நெருங்கிய ஆண் சொந்தங்கள்தான் குழிக்குள் இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தம்பி என்ற முறையில் நான் இறங்கினேன். மேலே துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். உள்ளே இருட்டு, கால் வைக்க இடமில்லை. கையில் வாங்கிக் குனிந்தேன், அவ்வளவுதான். இடுப்பில் கத்தி வைத்தது போலப் பிடித்துக்கொண்டது. என் பக்கம் தாழ்ந்து ராத்தாவின் தோள் மண்சுவரில் இடித்துவிட்டது. மற்றவர்கள் வாங்கிக் கிடத்தினார்கள். அவரை அடக்கி முடிப்பதற்கு முன் என்னை இரண்டு பேர் மேலே தூக்க வேண்டியிருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பள்ளிவாசல் லெப்பை ஆறுதல் சொன்னார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

என் பொஞ்சாதி கைறுன்னிஸாவுக்கும் சுகமில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். அவர் பேசியதை எழுதக் கை வரவில்லை.

திட்டத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், மாஸ்டர். தாமதிக்க வேண்டாம்.

என்றும் உங்கள்,
ஸஹாப்தீன்


மாத்தளை,
11-6-68

அன்பு மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படிக்கும்போது நீங்கள் முன்னால் நின்று ஏசுவது போலவே இருந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், நாற்பதில் தூக்கியதை அறுபதில் தேடாதே, எதற்காகத் தூக்கப் போகிறாய் என்று முதலில் சொல், எவ்வளவு என்பதை நான் சொல்கிறேன், அதுவரை வெறும் கம்பியைத் தவிர வேறு எதையும் தொடாதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வருவதற்குள் நான் தொட்டுவிட்டேன்.

இருநூறு றாத்தல் போட்டேன். முழங்கால் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கோபத்தில் இழுத்தேன். பிறகு நான் பார்த்தது கொட்டிலின் கூரையைத்தான். உக்குவளையிலிருந்து நாட்டு வைத்தியர், நம் பழைய வெதமாத்தயா, வந்து எண்ணெய் தேய்த்துக் கட்டினார். இனியும் இரும்போடு மல்லுக்கட்டுவதாயிருந்தால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சிங்களத்தில் நன்றாகக் கொடுத்தார். பக்கத்து அறையில் கைறுன்னிஸா, அடுத்த அறையில் நான். இரண்டு நோயாளிகளுக்கும் அவளுடைய அண்ணன் லாபிர்தான் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவருக்கே இளைப்பு. கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மூச்சு வாங்க நிற்பார்.

எதற்காக என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

ராத்தாவை அடக்கிய அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த பெண்கள் கபுறுக்குள் நடந்ததைக் கைறுன்னிஸாவிடம் சொல்லிவிட்டார்கள். கண்டிக்குப் போய்வந்த பிறகு ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நோன்பைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவேயில்லை, ஆனால் அவள் குழந்தையல்ல. ராத்தாவ மண்ணுல இடிச்சிட்டாங்களாமே, எனக்கு அப்பிடிச் செஞ்சிடாதீங்க என்றாள். வேற ஆம்புளையள் ஒருத்தரும் எனக்காக இறங்கத் தேவல்ல, நீங்களே இறங்கிப் பதமா வையுங்க என்றாள். நானும் ஆகட்டும் என்றேன். வேறென்ன சொல்வது? முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடிதான் ஆகட்டும் என்றேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இறங்க உரிமையுள்ளவர்கள் நானும் லாபிரும்தான். லாபிருக்கோ இருப்பதெல்லாம் பெண் மக்கள். அந்த இளைப்பை வைத்துக்கொண்டு அவர் இறங்கினால் அவருக்கும் சேர்த்து ஒரு குழி வெட்ட வேண்டிவரும். சொந்தத்தில் ஆளில்லாவிட்டால் நல்ல மனிதர்கள் யாரும் இறங்கலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று லெப்பை சொல்கிறார். மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் அவள் கேட்டது என்னிடம், நான் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கைறுன்னிஸாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சங்கத்து விருந்துக்கு வட்டிலாப்பச் சட்டியைத் தானே சுமந்துகொண்டு வருவாளே. இந்த வீட்டில் பலசாலி யார் என்று தெரியவில்லை என்று அன்று நீங்களே கேலி செய்தீர்கள். கண்டியில் நிறுத்தபோது நூற்றெழுபது றாத்தல் இருந்தாள். முன்னூறு தூக்கப் பழகியவனுக்கு நூற்றெழுபது பூப் போல இருக்குமே என்றுதான் அந்தக் கணக்குப் போட்டேன். மடத்தனம்தான். ஆனால் அதைவிட நல்ல யோசனை எனக்கு வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த வயதில், இந்த முதுகோடு, எவ்வளவுக்கு ஆசைப்படலாம்? எனக்காகக் கூட்டியும் சொல்ல வேண்டாம், என்மேல் இரக்கப்பட்டுக் குறைத்தும் சொல்ல வேண்டாம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். கைறுன்னிஸாவுக்குக் கொஞ்சம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஸஹாப்தீன்


மாத்தளை,
18-10-68

என் அன்பான மாஸ்டருக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மிளகு காயவில்லை, கடையைப் பாதி நாள் பூட்டிவைத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு மருந்து போட்டு அக்கா பக்குவம் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சீக்கிரம் குணமாகட்டும்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஒரு வரியும் மீறவில்லை. நூற்றெழுபது, அதற்கு மேல் ஒரு றாத்தலும் வேண்டாம், அதையும் அவசரப்பட்டு எட்டிப் பிடிக்க வேண்டாம் என்று எழுதினீர்கள். கம்பியைத் தரையில் வைக்காமல் இரண்டு பெட்டிகளின் மேல் வைத்துத் தொடங்கினேன். ஒரு சின்னத் தட்டுக் கூட்டினால் அதோடு பல நாள் இருந்தேன். இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திக்கொண்டேன். முதுகு முணுமுணுத்த நாளில் தட்டைக் கழற்றினேன். ஒரு நாள் தூக்கினால் அடுத்த இரண்டு நாள் சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய கஷ்டம். இளவயதில் நீங்கள் இதைச் சொன்னபோது நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

உனக்கு வேண்டியது தூக்குவதல்ல, இறக்குவதுதான், ஆகையால் கம்பியைப் போட்டுவிடாதே, மூச்சைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிச் சத்தமில்லாமல் தரையில் வை என்று எழுதினீர்களே, அதுதான் அருமையான யோசனை. அதற்கு நான் தேடாமலே ஒரு ஆசிரியையும் கிடைத்தாள். கொட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். டாக்டர் தேகப்பயிற்சி செய்யச் சொன்னார் என்று அவளிடம் பொய் சொல்லிவைத்திருந்தேன். அவள் நம்பியது போலக் காட்டிக்கொண்டாள். ஒரு நாள் இரும்பு தரையில் தட்டிவிட்டது. இண்டைக்கிச் சத்தம் கேட்டிச்சி என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அன்றிலிருந்து அப்படித்தான். தட்டினால் சொல்வாள். தட்டாமல் வைத்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாத நாளுக்காக நான் பாடுபட்டேன் என்றால் நம்புவீர்களா?

போன வாரம் நூற்றுநாற்பது தூக்கிச் சத்தமில்லாமல் வைத்தேன். அன்றைக்கே உங்களுக்குத் தந்தி அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். இன்னும் முப்பதுதான், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கிறது, பெரிய குறைவில்லை என்று இருந்தேன்.

அதற்கடுத்த நாள் மழை விட்டு வெயில் வந்தது. முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றாள். இத்தனை நாளும் லாபிரின் மக்கள் வந்து அவளைத் தாங்கிப் பிடித்து நடத்தித்தான் கழுவிவிடுவார்கள், உடுத்திவிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் வரவில்லை. அவளாலும் கால் ஊன்ற முடியவில்லை. நானே தூக்கிவிடுகிறேன் என்று நீங்கள் சொல்லித் தந்தபடி காலை அகற்றி, முதுகை நேராக்கி, மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினேன். அந்த மூச்சு வேண்டியிருக்கவில்லை, மாஸ்டர்.

நாற்பது வருஷமாக மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவன் நான். சாக்கைக் கையால் எடுத்தாலே தராசு வேண்டாம், றாத்தலைச் சொல்லிவிடுவேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் கை அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கட்டிலிலிருந்து எடுத்து நிமிர்வதற்குள் கணக்கைச் சொல்லிவிட்டது. அதை நான் எழுதமாட்டேன். ஒரு சின்னப் பிள்ளையின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பக்கம் தட்டுத் தட்டாக ஏறிக்கொண்டிருந்தேன், அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். நடுவில் எந்த நாளில் நாங்கள் இரண்டு பேரும் கடந்துபோனோமோ, எனக்குத் தெரியாது. நான் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்துக்குப் போகும் வழியில் என் முகத்தைப் பார்த்து, நான் கனமா ஈக்கேனா என்று கேட்டாள். கனமா, இடுப்பு ஒடிகிறது என்றேன். நாற்காலியில் வைத்தபோது வேண்டுமென்றே பெருமூச்சு விட்டுக் கையை உதறினேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அப்ப இன்னும் பழகுங்க, இப்பிடியே ஈந்தா சரிவராது என்று எனக்குப் புத்தி சொன்னாள். வெயில் போகும் வரைக்கும் அந்த முகத்தோடுதான் இருந்தாள்.

பின்னேரம் லாபிர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், இனி உங்களுக்கு அவ்வளவு சிரமம் இருக்காது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் அவரை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். தங்கையைப் பார்க்க வந்த மனிதனை வாசலோடு அனுப்பிவிட்டேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு கிழவர்களும் சேர்ந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

இப்போதும் நாள் தவறாமல் கொட்டிலுக்குள் போகிறேன். போகாவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், தூக்க மனம் வராது. நேற்று வேண்டுமென்றே ஒரு தட்டைத் தரையில் போட்டேன். சத்தம் கேட்டது என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன், தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மாஸ்டர், நீங்கள் போட்டுத் தந்த இலக்கு சரியானது. எந்தக் கிழவனும் எட்டக்கூடியது. கம்பியில் இன்னும் முப்பது குறைவுதான், ஆனால் அவளுடைய கனத்தை நான் எட்டிவிட்டேன், தாண்டியும் விட்டேன். எனக்கு அது வேண்டாம். தயவு செய்து வேறு ஒன்று எழுதி அனுப்புங்கள். முன்னூறு என்றாலும் சரி, ஐந்நூறு என்றாலும் சரி, என்னால் ஒரு நாளும் முடியாததாக இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் அல்லாஹ்விடம் நான் கேட்டுக் கேட்டு இப்போது கையேந்தவே கூச்சமாயிருக்கிறது. கந்தசஷ்டிக்கு நீங்களும் அக்காவும் நல்லூருக்குப் போவீர்கள் அல்லவா? போனால் உங்கள் முருகனிடம் எனக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். லெப்பைக்குத் தெரிய வேண்டாம். ஸஹாப்தீனுக்குப் பலத்தைக் கொடு என்று கேட்க வேண்டாம், இருக்கிற பலம் போதும். அவனுடைய பொஞ்சாதி அவனால் தூக்கவே முடியாத அளவுக்குக் கனக்கட்டும் என்று கேளுங்கள்.

உங்கள் வேண்டுதலை நம்பியிருக்கும்,
ஸஹாப்தீன்