பனியன் வேஸ்ட்டும் பழனாத்தாக்காவின் செவலையும்

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூட்டு வேலை நாள். டவுனை விட்டு வந்து இங்கே சேர்ந்து பயிர் செய்கிற எட்டுக் குடும்பத்தில் வந்தது ஐந்து. மீதி மூன்றுக்கும் முறையே முதுகு வலி, ஊரிலிருந்து ஒறம்பரை வருகை, "மறந்தே போச்சுங்க."

கத்தரிப் பாத்தியில் களை எடுத்தோம். இரண்டு கூடை. வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம், பழனாத்தாக்கா மாட்டுக்கு. நம் களை அவர் மாட்டுக்கு, மாட்டுச் சாணம் நம் உரக்குழிக்கு. இங்கே கூட்டம் போடாமல் ஒழுங்காக நடப்பது இந்த ஒன்றுதான்.

பாத்தியில் பரப்பிய பனியன் வேஸ்ட் இன்னும் மக்கவில்லை. பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துண்டுத் துணி. ஈரம் காக்கும், அப்படியே மக்கி உரமாகும் என்று தை மாதம் மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றி வந்தது இவர்தான், என் வீட்டுக்காரர். "நூத்துக்கு நூறு காட்டன் சாந்தி. மண்ணுல வெளஞ்சது மண்ணுக்கே போவுது." வசனத்துக்குக் குறைச்சலே இல்லை. இப்போது களை பிடுங்கினால் வேரெல்லாம் துணி நாடாவாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. உதறி உதறிக் கை வலி. எல்லாவற்றையும் உதறவும் இல்லை, யார் உட்கார்ந்து உதறுவது.

மாலை வட்டக் கூட்டம். கையில் நூல் சுற்றிய கோன் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இன்றைய பொருள்: பொதுச் சமையலறை டீக்கு நாட்டுச் சர்க்கரையா, வெல்லமா. இருட்டும் வரை பேச்சு. கம்பெனியில் கண்டெய்னர் ஏற்றுகிற விஷயத்தையே நின்றபடி பேசி முடித்தவர்கள் நாங்கள். முடிவு ஆகவில்லை. நான் காப்பிக்கு மாறிவிடுகிறேன், ஆளை விடுங்கள்.

வாங்க: பெருங்காயம், வேப்பம்பூ, மண்வெட்டிப் பிடி.

ஏப்ரல் 13, திங்கள்

மழைநீர்க் குட்டை காய்ந்தே விட்டது. அடி மண்ணில் வெடிப்பு.

இனி மழை பெய்யும் வரைக்கும் ப.அக்கா கிணற்றுத் தண்ணீர்தான். அவர் காட்டிலிருந்து நம் தொட்டிக்கு ஒரு குழாய். காலையில் பால் கறந்ததும் வால்வைத் திறந்துவிடுவார். எழுத்து கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. அவர் மூடிவிட்டால் எட்டுக் குடும்பமும் சட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு டவுனுக்குத் திரும்ப வேண்டியதுதான். வாசல் போர்டில் மட்டும் "எதையும் தாங்கும் வாழ்க்கை" என்று கொட்டை எழுத்தில். இவரிடம் சொன்னேன், பக்கத்துக் காட்டு அம்மா தாங்குகிறார் என்று அடியில் சின்னதாக எழுதுங்கள் என்று. சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்துப் பொதுச் சமையல். வேப்பம்பூப் பச்சடியில் யாரோ இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறார்கள். "நான் போடல" என்று எட்டுப் பேர்.

அழைத்தும் ப.அக்கா வரவில்லை. பாயசம் கொண்டுபோனேன். கட்டுத்தறியில் மாட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"செவலை ரெண்டு நாளா அசை போடல கண்ணு. சோளத்தட்டு திங்கல, தண்ணி மோந்துகூடப் பாக்கல. வவுறு பாரு, கல்லாட்டம்."

தொட்டேன். கல்தான். அந்த ஒரு மாட்டுப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றித்தான் அவர் ஜீவனம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருடம் பல ஆயிற்று, மகள் சோமனூரில் கட்டிக்கொடுத்த இடத்தில். பாயசத்தை ஓரமாக வைத்தார். ஈ மொய்த்தது, அவர் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 15, புதன்

மாட்டு டாக்டர் வந்தார். கையுறை போட்டு உள்ளே விட்டு எடுத்த சாணத்தில் பிங்க் நிற நாடா ஒன்று.

டாக்டர்: "துணி தின்னிருக்குதுங்க. ரோட்டோரம் கம்பெனிக் குப்பை மேயற மாடுகளுக்கு வர்றதுதான். இது எங்க மேஞ்சுது?"

அக்கா: "எம்மாடு ரோட்டையே பாத்ததில்லீங்க சார். கட்டுத்தறியிலயே நிக்குமுங்க. இவங்க போடற களை, எங்காட்டுத் தட்டு, அவ்வளவுதானுங்க."

நேரே வேலியைத் தாண்டி வந்தேன். பாத்தியிலிருந்து துணி ஒன்றை உருவிக் கழுவி, அடுப்பில் காட்டினேன். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசம், கையில் தேய்த்தால் சாம்பல். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியஸ்டர் கலப்பு. இழுபடுகிற லைக்ராவும் இருக்கும்.

திருப்பூரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும் இந்தச் சோதனை. நாங்கள் எட்டுக் குடும்பமும் பனியன் கம்பெனியிலேயே தலை நரைத்தவர்கள். இவர் ஸ்டிச்சிங் யூனிட் நடத்தியவர். நான் மெர்ச்சன்டைசர், வெள்ளைக்காரனுக்குத் துணியின் கலப்பு விவரம் எழுதி எழுதியே விரல் தேய்ந்தவள். நம் மண்ணில் போடும்போது ஒருத்தராவது ஒரு தீக்குச்சி கிழித்தோமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கருமம், கருமம்.

மாலை அவசரக் கூட்டம். கூட்டத்தை எப்போதும் நடத்துவது ஜெபமணி அண்ணன். தூத்துக்குடிப் பக்கம், செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர், தங்கமான மனிதர், விதி என்றால் விதி. அக்காவிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன்.

"கோன் உங்க கைல இல்லம்மா. வரட்டும், அப்புறம் சொல்லுங்க."

கோன் சுற்றியது. ஒருவர்: நம் களையால்தான் என்று நிச்சயமா? இன்னொருவர்: சொன்னால் தண்ணீரை நிறுத்திவிட்டால்? குழந்தைகள் இருக்கிற இடம். இவர்: கம்பெனிக்காரன் என்னிடம் காட்டன் என்றுதான் சொன்னான். அடுத்தவர்: "மன்னிப்பு" வேண்டாம், "வருத்தம்" என்று போடலாமா? ஜெபமணி அண்ணன்: "எல்லாரும் ஒத்துக்கிடுத மாதிரி ஒரு வார்த்தய மொதல்ல முடிவு பண்ணுவோம். அவசரப்பட்டு என்னத்துக்கு?"

மாடு அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. இங்கே வார்த்தை தேடுகிறார்கள். கோன் என்னிடம் வந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வேலியைத் தாண்டிப் போனேன். பின்னால் "சாந்தி, சாந்தி" என்று இவர்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். தை மாதத்திலிருந்து நாங்கள் போட்ட ஒவ்வொரு கூடையிலும் துணி இருந்திருக்கும் என்று.

"ஏனுங்க, நீங்கெல்லாம் பனியன் கம்பெனிக்காரங்கதானுங்களே. ஒருத்தருக்குமா தெரியல?"

நேற்று வரை கண்ணு, இன்று ஏனுங்க.

ஏப்ரல் 16, வியாழன்

காலை தண்ணீர் வந்தது. வராது என்று பயந்து எல்லா வீட்டிலும் குடம், அண்டா, குக்கர் வரைக்கும் பிடித்து வைத்தார்கள். வெட்கமாக இருந்தது. நானும் பிடித்தேன்.

ஆபரேஷன் கட்டுத்தறியிலேயே, மாடு நின்றபடி. டாக்டர் இடது பக்கம் கிழித்துக் கையை விட்டு இழுக்க இழுக்கத் துணி வருகிறது, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு. பிங்க், நேவி ப்ளூ, மஞ்சள். ஒரு கூடை நிறைய. ஜெபமணி அண்ணன்தான் மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்திருந்தார், சட்டையெல்லாம் எச்சில். இவர் தூரத்தில் வேப்ப மரத்தடியில் நின்றார். கிட்டே வரவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

டாக்டர்: "தெம்பு சுத்தமா இல்லீங்க. கஞ்சி ஊத்துங்க. பாக்கலாம்."

ஏப்ரல் 17, வெள்ளி

மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகிறேன். அக்கா வாங்கி ஊற்றுகிறார், என்னைப் பார்ப்பதில்லை. சாயந்திரம் செவலை ஒரு வாய் அசை போட்டது. ஓடிவந்து எல்லாரிடமும் சொன்னேன். சமையலறையில் சின்னதாக ஒரு கைத்தட்டல்கூட.

இவரோடு பேச்சு இல்லை. மோர்க் குழம்பு. எனக்குப் பசிக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

விடிவதற்குள் செத்துவிட்டது.

அவர் காட்டு ஓரத்திலேயே குழி. எட்டு வீட்டு ஆம்பளைகளும் வெட்டினார்கள், இவரும். கோன் இல்லை, வட்டம் இல்லை, வேலை ஒரே மூச்சில் நடந்தது. வேறு மாடு வாங்கிக் கொடுப்பது என்று குழி மேட்டில் நின்றபடியே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சொல்லப் போனது நானும் ஜெபமணி அண்ணனும்.

"வேண்டாமுங்க. மாடு நானே சந்தையில புடிச்சுக்குவேன். நீங்க மொதல்ல அந்தத் துணியப் பொறக்குங்க. காத்துல எங்காட்டுக்கும் பறந்து வருது."

ஜெபமணி அண்ணன் அழுதுவிட்டார். "தப்பு எங்க மேலதாம்மா, மன்னிச்சிருங்க" என்றார். எந்தக் கூட்டத்திலும் முடிவாகாத வார்த்தை. அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எட்டுக் குடும்பமும் வந்தது, ஒரு முதுகு வலியும் இல்லை. பாத்திக்குப் பாத்தி உட்கார்ந்து துணி பொறுக்கினோம். கத்தரிச் செடி பாதி போய்விட்டது, வேரோடு துணி பின்னியிருக்கிறது. பொறுக்கப் பொறுக்கப் பொடி நூலாக இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. முழுக்க வராது. மழைக்கு முன்னால் முடிந்த மட்டும்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாந்தான் சாந்தி" என்றார். "தெரியும், பொறுக்குங்க" என்றேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கறக்க மாடு இல்லாவிட்டாலும் அதே நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. நேற்றும் வந்தது. ஒரு நாள்கூட அடைக்கவில்லை.

அடைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், ஏதாவது செய்திருக்கலாம். திட்டினாலாவது தேவலை. தொட்டி நிரம்பியதும் வேலி ஓரம் போய், "அக்கா, போதுங்க, நெறஞ்சிருச்சு" என்றேன். நிமிர்ந்து பார்க்காமல் வந்து வால்வை மூடினார். "உடம்பு எப்படி இருக்குதுங்க?" என்றேன். காது கேட்காதவர் மாதிரி போய்விட்டார். குளியலறையில் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் அது அவர் தண்ணீர் என்று உறைத்து, குழாயை மூடினேன்.

மத்தியானம் அக்கா பஸ்ஸுக்குப் போனார். எங்கள் வாசல் வழியாகப் போனால் ரோடு கிட்டே. இந்த வெயிலில் காட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.