பூட்டு உடையாத பெட்டி

செங்கல்பட்டு
12.10.2003

என் கண்மணி மஹீராவுக்கு, அம்மா ஆயிரம் துஆவோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே நானும் உன் அத்தாவும் தம்பி ஷபீரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போன வாரம் போனில் உன்னோடு பேசும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் காமிக்ஸ் புத்தகமெல்லாம் பத்திரமாக இருக்கிறது, பதறாமல் படி.

மழைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து புது ரசகற்பூரம் போடச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்காகத்தான் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் பின்பக்கமாக விழப் பார்த்தேன், அவ்வளவு லேசு. பூட்டு போட்டபடி இருக்கிறது, சாவி பீரோவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்குகிறது, திறந்தால் மேலே போர்த்திய துணி மட்டும். கையை விட்டால் வெறும் தகரம். பீரோவில் என் வளையல் அப்படியே இருக்கிறது, டிவி இருக்கிறது, ஒரு ஸ்பூன் கூடக் குறையவில்லை. புத்தகத்தை மட்டும் எவன் எடுப்பான் என்று உன் அத்தாவைக் கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு அண்ணன்தான் ஓடி வந்தார். கல்பாக்கம் ஆபீசுக்கு அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அத்தாவை ஸ்கூட்டரில் வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், புகாரையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த ஏட்டு சிரித்திருக்கிறார். "இன்னா பாய், நகை போச்சா, டப்பு போச்சா? பொம்ம பொஸ்தகத்துக்கா இம்மாம் பேஜாரு?" என்றாராம். அண்ணன்தான் அவரிடம் சண்டை போட்டு, இதெல்லாம் இப்போது கிடைக்காத புத்தகம், அருமை தெரிந்தவன் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பான் என்று விளக்கினாராம். திரும்பி வந்து நம் கதவுக்குப் புதுப் பூட்டும் அவரே மாட்டினார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மாவுக்குப் போன நேரம் அண்ணன் மனைவி தெய்வநாயகி பின்வாசல் வழியாக வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. "அக்கா, எங்க வூட்டு மாடி ரூம்ல கீது. நீங்க கோவளம் கல்யாணத்துக்கு வூட்டுச் சாவி குடுத்துட்டுப் போனீங்களே, அப்பத்தான். என்னால சோறு துண்ண முடியல" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு முதலில் விளங்கவே இல்லை மகளே. எதை, யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். உனக்கு முதல் காமிக்ஸ் வாங்கிக் கொடுத்த மனிதர், உன்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கியவர். அவர் கையிலா என்று என் காதையே நம்ப முடியவில்லை.

அத்தாவும் ஷபீரும் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். மாடியில் இரும்பு அலமாரி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை, மடங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை, ஈரம் இழுக்கச் சின்னச் சின்னப் பொட்டலம், தரையில் படாமல், சுவரில் ஒட்டாமல். நாம் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. அண்ணன் தலை குனியவில்லை. "உங்க தகரப் பொட்டி அடியில துரு புடிச்சிகினு இருந்துது பாய். இன்னொரு மழைக்குத் தாங்காது. மஹீரா எங்க திரும்பி வரப்போகுது? நான் காப்பாத்தினேன்" என்றார். அத்தா கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் மெதுவாக, "கேட்டிருந்தா நாங்களே குடுத்து வெச்சிருப்போமே" என்றார், அவ்வளவுதான். அப்போதுதான் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புகாரை அத்தா திரும்ப வாங்கிவிட்டார். தெய்வநாயகி முகத்துக்காக.

இன்னொன்று கேள். ஷபீர் கோபத்தில் அலமாரியை அப்படியே வழித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் பிரித்துப் பார்த்தால் சில புத்தகங்களில் நீ எழுதி வைக்கும் உன் பெயர் இல்லை. அட்டையில் நம்பரைப் பார்த்தவன் கூவிவிட்டான், நீ காலேஜ் படிக்கும்போது தேடித் தேடிக் கிடைக்காமல் அழுத இதழ்களாம். அண்ணன் சின்ன வயதிலிருந்து வைத்திருந்தது. உன் வரிசையில் இடைவெளி வந்த இடத்திலெல்லாம் தன்னுடையதைச் செருகி வைத்திருக்கிறார். அவர் வந்து கேட்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டாரா, கேட்க முகமில்லையா தெரியவில்லை. உன் ஆசை எனக்குத் தெரியும் கண்ணு. ஆனாலும் அடுத்த வீட்டுப் பொருள் நம் வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே நேற்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் நானே எடுத்துப்போய் தெய்வநாயகி கையில் கொடுத்தேன். உறையோடுதான் கொடுத்தேன். உள்ளே வாங்க அக்கா என்றாள், நான் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன்னுடையதெல்லாம் இப்போது என் பீரோ மேல்தட்டில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில். நீ இன்டர்நெட்டில் என்னென்ன வைத்திருக்கிறாய் என்று போட்டோவோடு போட்டிருக்கிறாயாமே, அதை முதலில் எடுத்துவிடு. நோன்பு வரப்போகிறது, வேலை என்று சொல்லி விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டை விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் இருவரையும் கண்ணைப்போல் காக்கட்டும். திருநாவுக்கரசு அண்ணனுக்கு நீ ஏதும் எழுதாதே. எழுதத்தான் வேண்டும் என்று தோன்றினால், நலம் விசாரித்து மட்டும் எழுது.

துஆவுடன்,
உன் அம்மா
சம்சாத் பேகம்