முகங்களுக்கு மேலே ஓடிய விளம்பரம்

நேற்றுத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. கனடாவிலிருந்து மகன் அனுப்பியிருக்கிறான். மயிலிட்டியில் எடுத்த அந்தச் சினிமாப் படத்தை இப்போது டிவிடி இறுவட்டாகவும் கொண்டுவந்துவிட்டார்கள். திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் மணம். உறையில் தங்க எழுத்தில் 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று போட்டிருக்கிறது. மூலச் சுருள் தொலைந்துவிட்டதாம். பழைய வீடியோ கசெட்டிலிருந்தே எடுத்துத் துலக்கியிருக்கிறார்களாம். நன்றாகத்தான் துலக்கியிருக்கிறார்கள். கரையில் நிற்கும் பெண்களின் முகங்களுக்கு மேலே ஓடும் நகைக்கடை விளம்பரத்தில் தொலைபேசி எண்ணைக்கூட இப்போது கண்ணாடி போடாமல் வாசிக்கலாம். முகங்கள் பழையபடி அதன் பின்னால்தான் இருக்கின்றன.

இதை உமக்கு எழுதி என்ன பயன் என்று தெரியவில்லை. நடந்த ஒழுங்கில் எழுதிப் பார்க்கிறேன். பிழையிருந்தால் திருத்த நீர் இல்லை.

எண்பத்திமூன்றுக் கலவரத்துக்குச் சற்று முன்பு படப்பிடிப்புக்காரர் மயிலிட்டிக்கு வந்தார்கள். நான் அங்கே மீன்பிடிச் சங்கத்தில் எழுதுவினைஞன். கதாநாயகனின் வள்ளத்தை ஓட்ட, சங்கத்து அங்கத்தவரான உம்மைப் பிடித்தார்கள். வள்ளம் திரும்பாதென்று கரையில் நின்று அழும் பெண்களில் ஒருவராக உமது மனைவி காலையிலிருந்து வெயிலில் நின்றார். படம் திரைக்கு வந்தபோது அந்தக் காட்சியே இல்லை. உங்கள் வீட்டில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் காரணம் சொன்னார்.

"அழச் சொல்லித்தான் நிப்பாட்டினவங்கள், அண்ணை. இவர் முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வள்ளத்திலை நிக்கிறார். அதைப் பாத்தா ஆருக்கு அழுகை வரும்? சிரிச்சுப்போட்டன். வெட்டிப்போட்டாங்கள்."

"உன்ரை சிரிப்பாலைதான் படமே ஓடேல்லை," என்றீர் நீர்.

தொண்ணூறில் சண்டை வெடித்து மயிலிட்டியை விட்டு உடுத்த உடுப்போடு ஓடி, நீங்கள் இருவரும் ஒரு கோயில் மடத்தில் ஒதுங்கினீர்கள். அல்பம் வீட்டோடு போயிற்று. அடுத்த வருடம் அவர் காய்ச்சலில் கிடந்து இறந்தார். அடையாள அட்டையையும் மரணப் பதிவோடு வாங்கிக்கொண்டார்கள். ஒரு படம்கூட உம்மிடம் மிஞ்சவில்லை. அதன்பிறகு நீர் என்னோடு நீர்வேலியில் வந்து இருந்தீர். உமது கண்களில் வெண்படலம் இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த நாட்களில்தான் லண்டனில் யாரோ இந்தப் படத்தைச் 'சிறப்புப் பதிப்பு' என்று இரட்டைக் கசெட்டாக வெளியிட்டார்கள். 'வெட்டப்பட்ட காட்சிகளுடன்' என்று அட்டையில் இருந்தது. உமது மருமகன் அதைக் கிளாலிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து தந்தான்.

"கண் முழுக்க மூட முன்னம் அவ சிரிக்கிறதை ஒருக்காப் பாத்திட்டனெண்டாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றீர்.

விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைச் சேர்த்தோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரீவியும் கசெட் ஓட்டும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தோம். குண்டுபோடும் விமானங்களின் கண்ணில் வெளிச்சம் விழாமல் நான் யன்னலுக்குச் சாக்குக் கட்டினேன்.

வெட்டிய காட்சிகள் இரண்டாவது கசெட்டில். அதில் முதலில் வெளியீட்டாளர் சோபாவில் சாய்ந்திருந்து தான் பட்ட கஷ்டங்களைச் சொன்னார். முடிகிற மாதிரித் தெரியவில்லை. அடுத்து அவருடைய பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அடுத்து, படத்தில் வந்த அதே பாட்டு.

"உவன் கடலைக் கண்டவனோ?" என்று வெளியீட்டாளரைப் பற்றிக் கேட்டீர். நான் எண்ணெயை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கரை வந்தது. பெண்களின் கழுத்துக்குக் கீழே சேலைகள் தெரிந்தன, தலைக்கு மேலே தென்னைகள் தெரிந்தன. நடுவில் மஞ்சள் பட்டையில் நகைக்கடை ஓடியது. அதைப் போட்டவருக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நீர் ரீவியோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தீர். "எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது. அவ நிக்கிறாவோ? சிரிக்கிறாவோ? பாத்துச் சொல்லுமன்."

டெக்கை நிறுத்தினேன். எழுத்துகளின் இடைவெளியில் ஒரு கண், ஒரு மூக்குத்தி, ஒரு வாயின் ஓரம். எது யாருடையதென்று தெரியவில்லை. பட்டை இல்லாதிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. எத்தனையோ தடவை உங்கள் வீட்டுக்கு வந்தும் நான் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. கூச்சம். "நிலத்திலை என்ன அண்ணை தேடுறியள்?" என்று அவரே கேலி செய்திருக்கிறார். இதை உம்மிடம் எப்படிச் சொல்வது?

"ஓம், சிரிக்கிறா," என்றேன்.

"என்னைப் பாத்தோ?"

"ஓம்."

"நீர் சொன்னாச் சரி. நீர் சரிபாக்காமல் ஒண்டும் சொல்லமாட்டீர்."

திரும்ப ஓடவிடச் சொன்னீர். அதற்குள் எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே வெளியேற, நாமும் எல்லோரோடும் தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நீர் படுக்கையில் விழுந்தீர். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "மனுசி சிரிச்சதை நான் படத்திலை கண்டனான்," என்று சொன்னீர். அவர்கள் முகத்தில் சந்தேகம் தெரிந்ததோ என்னவோ, "இவரைக் கேளுங்கோ," என்று என் பக்கம் கையை நீட்டினீர். நான் தலையாட்டினேன். வந்த ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். நீர் போகும்வரை அதுதான் என் வேலையாக இருந்தது.

அந்த வெளியீட்டாளர்களைத் திட்டித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திட்டவேண்டியவர்கள்தான். ஆனால் அவர்கள் முகத்தை மறைத்ததோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே நடந்தது என் வேலை. நான் உமக்குச் செய்தது நன்மையா என்று இத்தனை வருடம் யோசித்தும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

இன்று காலை மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். பெட்டியைப் பிரிக்காமலே அனுப்பினானாம்.

"அப்பா, கரையிலை நிண்ட அந்த மாமி தெரியிறாவோ?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. கேட்டு வருந்த நீரும் இல்லை.

"ஓம்," என்றேன். "சிரிக்கிறா."