உயரமும் பரப்பும்

பிப்ரவரி 4
மதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் பெயரைக் கணித இதழ்க்காரர்கள் மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல்தான். மூன்று வரிக்கு ஒருமுறை ‘இது வெளிப்படை’ என்று எழுத எதிர் மேசை வாலுவை விட்டால் யார்? ஒரு நிமிடம் சும்மா இருக்காததால் துறையே வைத்த பெயர் அது. தெரிந்தவள் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

பிப்ரவரி 9
நல்ல கேள்விதான். ஒரு சமன்பாட்டுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் சார்பின் பக்கத்திலேயே, முழுதாகப் பொருந்தும் ஒன்று இருக்குமா? பொதுமைப்படுத்திய சார்புகளுக்கு இதைக் கேட்கிறாள். அவற்றுக்கு ஒரு புள்ளியில் மதிப்பு என்றே கிடையாது, பிடிபடாது. அதனால் வெப்பம் பரவுவதுபோல் பரப்பி, மென்மையாக்கி, அங்கே நிறுவிவிட்டு, பரப்பியதை மெல்லச் சுருக்குகிறாள். சுருங்கச் சுருங்க அந்த வெப்ப வளைவு ஊசியாய் உயர்கிறது. அப்படியென்றால் பிழையும் ஏறிக்கொண்டே போகுமே? பக்கம் 11. பிடித்துவிட்டேன்! அங்கேயும் ‘இது வெளிப்படை’.

சந்தோஷமாக இருந்தது. இதை வேறு எங்கே எழுதுவேன்?

பிப்ரவரி 10
ஏற்க வேண்டாம் என்று அறிக்கை போய்விட்டது. கடைசி வரி: கட்டுரையாளர் அடிப்படைகளை மறுபடி படிப்பது நல்லது.

மார்ச் 2
வந்ததும் வராததுமாக அழுதாள். “எவனோ கிழிகிழின்னு கிழிச்சிருக்கான்க்கா.” டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. இது ஏற்கப்பட்டால்தான் நீட்டிப்பு. எனக்கு முன்பே தெரியும்.

மார்ச் 3
“பக்கம் பதினொண்ணு மட்டும் பாருங்கக்கா.”
நேரமில்லை என்றேன்.

ஏப்ரல் 17
நீட்டிப்பு இல்லை. கடிதத்தை என் கையாலேயே கொடுக்கவைத்தார் துறைத் தலைவர்.

மே 21
வகுப்பில் அதே வெப்ப வளைவை வரைந்தேன். “உயரம் எவ்வளவு ஏறினாலும், அடியில் இருக்கிற பரப்பு எப்பவும் ஒண்ணுதான்.” வருடா வருடம் சொல்கிற வாக்கியம். சொல்லி முடித்ததும் சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது.

அவள் பிழையை அளந்தது பரப்பால். நான் உயரத்தால் அளந்திருக்கிறேன். பரப்பு மாறாது, பிழையும் ஏறாது. பக்கம் 11 சரி. ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! இருபத்திரண்டு வருஷமா இதைப் பாடம் நடத்துறவ. அடிப்படையைப் படிக்கணும்னு யாருக்கு எழுதினேன்?

மே 22
இதழாசிரியருக்கு உண்மையை எழுதினேன். முடிந்த விஷயம், கட்டுரையாளர் விரும்பினால் புதிதாக அனுப்பலாம் என்று பதில். அப்படியானால் அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

மே 29
சொல்லவில்லை.

ஜூன் 11
இன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை, பயம். அவள் முகம் மாறுவதைப் பார்க்கிற பயம்.

ஜூன் 28
மேசையைக் காலி செய்தாள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப்போகிறாளாம். குறிப்புகளையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாள்.

“அந்தாளு சொன்னது சரியாத்தான் இருக்கும்க்கா. நீங்க பாக்க மாட்டேன்னப்பவே புரிஞ்சுக்கிட்டேன். தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல உங்களுக்கு மனசு வரல.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தேன். “அடிக்கடி வா” என்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 12
வேறொரு இதழிலிருந்து மதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை. யாரென்று தெரியவில்லை; ‘இது வெளிப்படை’ ஒன்றுகூட இல்லை, வாலு இல்லை. அதே தேற்றம். எட்டாம் பக்கத்தில் பிழையை அளப்பதும் அதே பரப்பால். ‘இது இங்கேதான் முதன்முறையாக நிறுவப்படுகிறது’ என்று முன்னுரையில் இருக்கிறது.

மூன்று முறை சரிபார்த்தேன். ஏற்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.