வேலியோரத்துப் பானைகளுக்குக் கண் வரைந்தது யார்

அத்தை,

நேற்றைய மழைக்கு இன்று காலை நம் வேலியோரம், எங்கள் பக்கத்தில், ஒரு மூங்கில் குருத்து வந்திருக்கிறது. கூரான தலையும் பழுப்பு முடியுமாக எங்கள் கணக்கு வாத்தியார் சாயல். நீங்கள் இல்லாத முதல் மழைக்காலம். அடக்க ஆளில்லை என்பது அதற்குள் அதற்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது மலையிலிருந்து கொண்டுவந்த கிழங்கு என்பீர்கள். அதை வேலியின் கொல்லைக் கோடியை ஒட்டியே நட்டீர்கள். மழைக்காலத்தில் குருத்து எங்கள் பக்கம் தலை நீட்டினால், வேலிக்கு அடியில் கையை விட்டுப் பழைய மண்பானை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, ஒரு கல்லையும் ஏற்றிவிடுவீர்கள். வெளிச்சமில்லாமல் குருத்து உள்ளேயே சுருண்டுவிடும். மலையில் அப்படித்தான் செய்வார்களாம். அப்போது அது எங்களுக்குத் தெரியாது. மலைமேல் கரியாலூரிலிருந்து வந்தவர் எங்கள் மண்ணில் கரிப்பானை கவிழ்த்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

அப்பாவுக்கு ஏற்கெனவே அந்த மூங்கில்மேல் கண். வேலியைத் தள்ளித் தள்ளி நம் இடத்தைத் தின்கிறது, பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்க வேண்டும் என்பார். முதன்முதலில் பானையைப் பார்த்த அன்று குரல் இறங்கிவிட்டது. செய்வினை என்றார்.

“இன்னாம்மா, எங்க எடத்துல பானைய கவுத்து வெச்சிக்கினு கீற?”

“அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ணே. எடுத்தீங்கன்னா அப்பறம் என்னக் கேக்கக் கூடாது.”

“எடுத்தா இன்னா ஆவும்?”

“உள்ள இருக்கறது வெளிய வரும்.”

சிரிக்காமல் சொன்னீர்கள். அப்பா அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். “அந்தப் பக்கமே போவாதீங்க, எனக்கும் பயமா கீது” என்றார் அம்மா.

மறுநாள் பானைகளுக்குச் சுண்ணாம்பில் கண் வந்திருந்தது. வட்டமாக, எங்கள் வீட்டையே பார்த்தபடி. தெருநாய்க்குத் திருநீறு பூசி ஊர்வலம் விட்டவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால் அப்பா என்னைத்தான் பிடித்தார். இலக்கணத்தில் செய்வினைக்கு அடுத்தது செயப்பாட்டுவினை. எனக்குக் கிடைத்தது அது. அடிக்கப்பட்டேன். செய்யாத வேலைக்கு நான் வாங்கிய முதல் அடி.

நேராக உங்களிடம்தான் வந்தேன்.

“அத்தே, உண்மைய சொல்லுங்க. நீங்கதான?”

“எனக்கே கண்ணு கம்மி. நான் எங்க கண்ணு வரையறது? உங்கூட்ல கேளு.”

“எங்கூட்ல யாரு?”

“யாரு கீறாங்களோ அவங்கள.”

பேச்சைத் திருப்புகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். உங்களை வேவு பார்த்தே அந்த மழைக்காலம் போனது. அப்பா மட்டும் மூங்கில் பக்கம் போகவே இல்லை.

இன்று அந்தக் குருத்தைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அந்தம்மாவும் இல்ல, பானையும் இல்ல. நாளைக்கு பொக்லைன் வருது.”

“மூங்கில தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்,” என்றார் அம்மா.

“இன்னாத்துக்கு?”

அம்மா கையை நீட்டினார். மூங்கிலுக்குப் பின்னால் மாடி வீடு. மொட்டைமாடியில் செல்போனும் கையுமாக நாலைந்து பேர். மூங்கிலுக்கு முன்னால், வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் குளியல் தட்டி, அந்தப் பக்கம் உங்களுடையது. இரண்டுக்கும் கூரை கிடையாது.

“இத்தினி வருஷம் நானும் அவங்களும் இன்னாத்த நம்பிக் குளிச்சோம்னு நெனச்சீங்க?”

அப்பா மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து, வண்டி வேண்டாம் என்று சொன்னார்.

அம்மா குருத்தை வெட்டி, உரித்து, மெலிதாக அரிந்து தண்ணீரில் போட்டார். “கசப்பு போவணும். தண்ணிய மாத்திக்கினே இருக்கணும்,” என்றார். எங்கள் தெருவில் யாரும் சமைத்தறியாத பொருள் அது. உங்கள் வீட்டுப் படியை அம்மா மிதித்து நான் பார்த்ததும் இல்லை.

“உனக்கு யாரும்மா சொன்னாங்க?”

“யாரோ சொன்னாங்க.”

சிரிக்கவில்லை. அச்சு அசல் உங்கள் முகம்.

அத்தை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த பகல்களில் வேலியோரம் என்ன பேசினீர்கள் இருவரும்? சுண்ணாம்பை அம்மா கையில் கொடுத்தது நீங்களா? உங்களை எடுத்த அன்று ஊரே உங்கள் வாசலில் நிற்க, அம்மா மட்டும் குளியல் தட்டிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்கவில்லை. பயத்தில் ஒளிந்துகொண்டார் என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

இனி நம்புவதாக இல்லை. யாராவது எதற்காவது பயந்தால், பயப்படுகிறவரை நான் பார்க்கப் போவதில்லை. பக்கத்தில் சிரிக்காமல் நிற்பவரைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே அம்மா நிற்பார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்பார்.