ஆறு நிமிடப் படம்

பிரியமான அந்தோனி அண்ணனுக்கு,

கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. பள்ளிவாசல்துறைக் கரையில் நீங்கள் விழுந்த இடத்தை மணல் மூடிவிட்டது. நேற்று உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசை. அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். பத்திரிகையில் வருவதால் மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

எதையும் நடந்த ஒழுங்கில் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த வழி. இத்தனை வருடம் செய்தி எழுதிப் பழகியது அப்படித்தான்.

யுத்த காலத்தில் அந்தக் கரையில் இருட்டில் ஒரு டோர்ச் அசைந்தால் கடற்படைக்காரர் வந்து விசாரிப்பார்கள். அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கலியாண வீடுகளில் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் நிறுத்தி வைத்துப் படம் எடுத்து அலுத்துவிட்டது என்றீர்கள். கமராவை முக்காலியில் பூட்டி, ஷட்டரை ஆறு நிமிடம் திறந்து வைத்து, அதன் முன்னால் டோர்ச்சோடு நடந்தால், நடந்த வழியெல்லாம் படத்தில் ஒளிக்கோடாக விழும். நடந்த ஆள் விழமாட்டார். பெரிய வெள்ளிக்குத் தைத்த கறுப்புச் சேட்டைப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் உடம்பில் படாமல் பிடித்தபடி, எங்கும் நிற்காமல் நடப்பீர்கள்.

"நின்டா மாட்டுப்படுவன் தம்பி. நடந்துகொண்டே இருக்கிறவன கமராக்குத் தெரியாது."

"பூசைக்கு ஃபாதர் தேடுற நேரமும் இப்படித்தான் நடந்துகொண்டு இருக்கிறீங்களா?"

"ஃபாதர்ட கண் கமராவ விட மோசம். அவர் வராத ஆளையும் கண்டுபிடிப்பார்."

எனக்குத் தந்த வேலை சின்னது. கமராவில் தொங்கும் வயர் சுவிட்சை அழுத்தி, ஷட்டர் திறந்தே நிற்கும்படி பூட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு நிமிடம் முடியும்வரை முன்னால் போகக் கூடாது, என் டோர்ச்சை எரிக்கவும் கூடாது. ஒரு தடவை நான் அவசரப்பட்டு எரித்ததற்கு, "என்ட ஆறு நிமிஷத்தையும் தண்ணியில போட்டீங்களே" என்று வீடு வரும்வரை ஏசினீர்கள். அதற்குப் பிறகு நான் கல்லைப் போல நின்றேன்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். நிலா இல்லை. இரண்டு நிமிடம்வரை உங்கள் வெளிச்சம் தண்ணீர் ஓரமாக மெல்லப் போனது. மூன்றாவது நிமிடத்தில் நிலத்தோடு தாழ்ந்தது. பிறகு மணலுக்குச் சற்று மேலே சின்னச் சின்ன அரைவட்டங்களாக, இடமும் வலமுமாக அசைந்தது. அலை வரைகிறீர்கள் என்று நினைத்தேன். அழகாக இருக்கிறது என்றும் நினைத்தேன். பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. நான் காத்திருந்தேன்.

என்னைக் கூப்பிட்டீர்களா, அண்ணன்? காற்று என் முதுகுப் பக்கமிருந்து உங்களை நோக்கி அடித்தது. கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். முன்னமே ஓடிப் போயிருந்தால் என்று டொக்டரிடம் கேட்டேன். "சொல்லேலாது," என்றார். அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அடக்கத்தன்று உங்கள் மகள் ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அப்பா கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். உடன போயிட்டார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"ஓம்," என்றேன். அப்போது நான் அதை நம்பித்தான் சொன்னேனா? இப்போது யோசித்தால் நிச்சயமில்லை.

இரண்டு கிழமை போனபின் அவள் தொலைபேசியில் அழைத்தாள். நினைவு அட்டைக்குப் படம் வேண்டும் என்றாள். ஊரிலுள்ளவர்களையெல்லாம் படம் எடுத்த உங்களுக்கு ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டையில் இருப்பது வேறு யாரோ போல இருந்தது. "உங்களிட்ட இருக்கிற மெமரி கார்டில பாருங்க அங்கிள். ஒண்டாவது இருக்கும்."

உங்கள் கமரா அன்றிலிருந்து என் அலுமாரியில்தான் கிடந்தது. கார்டைக் கணினியில் போட்டேன். படம் படமாகக் கரையும் கோடுகளும்தான். யாரும் நடக்காமலே நடந்த கோடுகள். கடைசிப் படத்தில் கோடு தண்ணீர் ஓரமாகப் போய்த் தாழ்கிறது. அரைவட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. அதன் பக்கத்தில் உங்கள் முகம்.

மணலில் கிடந்த டோர்ச்சின் வெளிச்சம் உங்கள் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நீங்கள் அசையவில்லை. அதனால் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. நரைத்த தாடிமயிரை எண்ணலாம். கண்கள் திறந்திருந்தன. அவை கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கமராவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

விழும்போது கை தானாக ஆடியிருக்கலாம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். உறுதிப்படுத்தாமல் விட மனமில்லை. சில நாளில், நிலா பிந்தி எழும்பிய ஓர் இரவு தனியாக அங்கே போனேன். ஷட்டரைத் திறந்து சுவிட்சைப் பூட்டிவிட்டு, உங்கள் இடத்துக்குப் போய் டோர்ச்சை விழவிட்டேன். படத்தில் ஒரே ஒரு கோடு வந்தது. மறுபடி திறந்துவிட்டு மணலில் படுத்து, உதவிக்கு அழைப்பவனைப் போலக் கையை ஆட்டினேன். பிறகு நேரம் முடியும்வரை அசையாமல் கிடந்தேன். அதே அரைவட்டங்கள் வந்தன. பக்கத்தில் என் முகமும் வந்திருந்தது.

படுத்திருந்தபோது இன்னொன்றைக் கண்டேன். அங்கிருந்து பார்த்தால் இருட்டில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிகிறது. அது வயர் சுவிட்சின் விளக்கு. ஷட்டர் திறந்திருக்கும்வரை அது எரியும். கையை ஆட்டிய நேரமெல்லாம் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். அது அணையும்வரை நான் வரமாட்டேன் என்பதும் தெரிந்திருக்கும்.

மறுநாள் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். அடக்கத்தன்று சொன்னது பிழை என்றேன். கண்டதையும், நினைத்ததையும், மணலில் படுத்துப் பார்த்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"எவ்வளவு நேரம் கைய ஆட்டினார்?"

"ஒரு நிமிஷம். கொஞ்சம் கூடவும் இருக்கும்."

"அதுக்குப் பிறகும் நீங்க நின்டீங்க."

"ஓம் மகள். ரெண்டு நிமிஷத்துக்கு மேல."

அவள் விரலால் திரையில் உங்கள் முகத்தைப் பெரிதாக்கினாள். "இத மட்டும் வெட்டி எடுக்கேலுமா?"

"அட்டைக்கு இது வேணாம் மகள்."

"அப்ப வேற படம் எங்க இருக்கு, சொல்லுங்க."

அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டு எழும்பினேன்.

நேற்றுப் பூசை முடிந்து வாசலில் நின்று அவள்தான் அட்டைகளைக் கொடுத்தாள். சுற்றிலும் கறுப்பு, நடுவில் உங்கள் முகம், ஒரு பக்கம் மட்டும் ஒளி. கோடுகளை அவள் வெட்டிவிட்டாள். வந்தவர்களெல்லாம் அதைக் கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார்கள்.

"உயிரோட பார்க்கிற மாதிரியே இருக்கு," என்றார் கோயிலில் பாட்டுப் படிக்கும் அக்கா. "எந்த ஸ்டூடியோ மகள்? வெளிச்சத்த என்ன நேர்த்தியா வச்சிருக்கிறாங்க."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஸ்டூடியோ இல்ல அன்ட்ரி. இந்த அங்கிள்தான் எடுத்தார்."

அக்கா என் கையைப் பிடித்துப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன், அண்ணன். அந்த நன்றியைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம்.

அட்டை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. யார் எடுத்த படம் என்று இனியும் கேட்பார்கள். நான்தான் எடுத்தேன் என்பேன். அதோடு நிறுத்தமாட்டேன். மூன்றாவது நிமிடத்தில் வெளிச்சம் தாழ்ந்ததையும் நான் நின்ற இடத்தையும் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஓடி வராத உங்கள் தம்பி,
ரபீக்
மதுரங்குளி